கைநாட்டும் கையெழுத்தும்

குடுமியான்மலைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இசைக் கல்வெட்டைத்தான் தேடி வருவார்கள். குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டிய சுர வரிசைகள் அவை. எனக்கு நெருக்கமானவை சிகாநாதசுவாமி கோயிலின் மற்றக் கல்வெட்டுகள். நிலம் விற்றது, விளக்கெரிக்கப் பொன் கொடுத்தது, உமையாள்வி நாச்சி என்ற பெண் அம்மன் சந்நிதி எடுப்பித்தது என்று ஊரின் கொடுக்கல் வாங்கல் அங்கே கிடக்கிறது. பழைய ஆவணங்கள் முடிகிற இடத்தில் 'இவை இன்னார் எழுத்து' என்று ஒப்புக்கொண்டவர்கள் பெயர் வரும். வயலில் நடவு நட்டவளின் பெயர் அதில் இல்லைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களும் கொஞ்சம்தான். ஆனாலும் எந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும்.

நடவு நட்டவளின் கையில் எழுத்து வந்தது 1991இல். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கிய ஆண்டு அது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். அன்னவாசல் பக்கத்து ஊர்களில் தொண்டராகப் போனவர்களில் நானும் ஒருத்தி. வேலை முடிந்து, உலை வைத்து இறக்கிவிட்டு, பெண்கள் லாந்தர் வெளிச்சத்தில் வந்து உட்காருவார்கள். பாடப் புத்தகம் 'பட்டா', 'படி' என்று போகும்; அவர்கள் கேட்டதோ ஒன்றே ஒன்று: "எம் பேரை எழுதச் சொல்லிக் குடு." கூட்டுறவுச் சங்கத்தில் பெருவிரலைப் பிடித்து மைப் பெட்டியில் அழுத்துவார்களே, அந்தப் பிடி அவர்களுக்கு வேண்டாம். என் சின்னம்மா மூன்று எழுத்துப் பெயரைக் கற்றுக்கொண்டபின் அடுப்புக்கரியால் வீட்டுச் சுவர் முழுக்க எழுதிவைத்தார். அந்தக் காலத்தில்தான் மாவட்டமெங்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்தவர்கள் குழுவாகக் குத்தகை எடுத்தார்கள். 'படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு' என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு அங்கே நேரடிப் பலன் இருந்தது.

விரலைக் கேட்கிற வழக்கத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னால் மறுத்துவிடக்கூடாது என்று அவருடைய உள்ளங்கையை மையில் அழுத்தி வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் வந்தது. அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள்தான் ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தவர்கள். பெயர் வாங்கியவர் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றி. பிறகு குற்றப் பழங்குடிச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்யாதவரும், குறிப்பிட்ட சாதியில் பிறந்ததற்காகவே, ரேகையைப் பதிய வேண்டும் என்றது அது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்குப் பெயரே ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று, மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில், பதிய மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். தன் உடம்பின் அடையாளத்தை அரசாங்கம் எடுத்து வைத்துக்கொள்வதை எதிர்த்து உயிர் விட்ட ஊர் நமக்கு இரண்டு மாவட்டம் தள்ளித்தான் இருக்கிறது. அந்தரங்க உரிமை பட்டணத்துக்காரர்களின் கவலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு விரல்ரேகைக் கருவி வந்தது. கையெழுத்துப் பழகிய சின்னம்மா மறுபடி பெருவிரலை நீட்டினார். அறுபது வருடம் களை பறித்த விரல், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. கருவி ஏற்காத நாளில் துணியால் துடைத்துத் துடைத்து வைப்பார். நூறு நாள் வேலையில் 2023இல் காலையும் மாலையும் செல்போனில் படம் எடுக்கத் தொடங்கினார்கள்; 2024இல் கூலி ஆதார் வழியாக வரத் தொடங்கியது. மகளிர் உரிமைத் தொகை யார் கையிலும் சிக்காமல் கணக்கில் விழுகிறது. இதன் அருமை எனக்குத் தெரியும். பட்டா நகலுக்காக இலுப்பூருக்கும் வீட்டுக்கும் நடந்து அலுத்தவள் நான். இன்று அதைப் போனிலேயே எடுத்துவிடுகிறேன். இணையத்தை விட்டு வெளியே வா என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அரிசி அதற்குள் இருக்கும்போது எப்படி வர முடியும்?

ஆனால் சின்னம்மா ஒருநாள் கேட்டார்: "ஏத்தா, வெரலை வாங்கிக்கிட்டு உள்ள என்ன எழுதிக்கிறாக?" முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் கேட்கச் சொல்லிக் கொடுத்த கேள்வி இது. அப்போது காகிதம் எதிரே இருந்தது. இப்போது ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் ஓடி, கடைசியில் ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு பொத்தான் வருகிறது. தெருவில் ஒரு பெண் அவசரத்துக்குக் கடன் செயலியில் ஐயாயிரம் வாங்கினாள். போனிலிருந்த பெயர் அத்தனையையும் அது எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது. தவணை தவறியதும் மாமனார் முதல் பள்ளிக்கூட டீச்சர் வரை எல்லாருக்கும் போன் போனது. வட்டிக்குக் கொடுத்தவன் வாசலில் நின்று கத்தியிருந்தால் அந்தத் தெருவோடு போயிருக்கும்.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு, மானியங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்றும் தீர்ப்பு வந்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் இருப்பது நல்லது. லாந்தரைச் சுற்றி உட்கார்ந்து அதைச் சொல்லித் தருவதற்குத்தான் ஆளில்லாமல் இருந்தது.

பழைய தொண்டர்கள் சிலர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களோடு அதைத் தொடங்கியிருக்கிறோம். எந்தச் செயலி எதைக் கேட்கிறது, எதை மறுக்கலாம் என்று ஒவ்வொரு போனாகத் திறந்து பார்க்கிறோம். நகல் கேட்கிறவர்களுக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுக்கலாம். விரல்ரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது திறக்கலாம். கடந்த ஆறு மாதத்தில் நம் விரல் எங்கெங்கே பயன்பட்டது என்கிற பட்டியலையும் ஆதார் தளத்திலேயே பார்க்கலாம். சின்னம்மாவுக்கு அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும். அதற்கு அவருடைய செல்போன் எண் ஆதாரில் பதிந்திருக்க வேண்டும், இன்னும் பதியவில்லை. வருகிற திங்கட்கிழமை அவரை இலுப்பூருக்குக் கூட்டிப் போகிறேன்.