ஐந்து பைட்டா, எட்டு பைட்டா?

சி மொழியில் ஒரு சின்ன ஸ்ட்ரக்சர் எழுதுகிறோம். உள்ளே இரண்டே உறுப்புகள். முதலில் ஒரு எழுத்து, 1 பைட். அடுத்து ஒரு முழு எண், 4 பைட். கூட்டினால் ஐந்து. ஆனா இதன் அளவு என்ன என்று கொம்பைலரிடம் கேட்டுப் பாருங்கோ, பெரும்பாலான கணினிகளில் எட்டு என்றுதான் பதில் வரும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில், யாரும் கேட்காமலே, மூன்று பைட் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் பேடிங்.

ஒரு கணினிக்குள்ளேயே இருக்கும் வரைக்கும் இதால் ஒரு தொல்லையும் இல்லை. அந்த ஸ்ட்ரக்சரை அப்படியே தூக்கி வயரில் போட்டு இன்னொரு கணினிக்கு அனுப்பும்போதுதான் வில்லங்கம். அங்கே வேறு கொம்பைலர், வேறு புரோசஸர். இடைவெளி இல்லை என்று நினைத்துக்கொண்டு அது வாசித்தால், எண் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடத்தை வாசிக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. பிழையான எண் வரும், அவ்வளவுதான். நாற்பது வருடத்துக்கு மேலாக வலையமைப்பு நிரல் எழுதுகிறவர்களை இந்த மூன்று பைட் அலைக்கழித்துக்கொண்டு வருகிறது.

முதலில், கொம்பைலர் ஏன் இப்படிச் செய்கிறது? கோடு போட்ட கொப்பி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கோ. ஒவ்வொரு வரியிலும் நாலு எழுத்துக்குத்தான் இடம். நாலெழுத்துச் சொல்லை வரியின் தொடக்கத்தில் எழுதினால் ஒரே பார்வையில் வாசிக்கலாம். மூன்றாவது இடத்தில் தொடங்கினால் பாதி இந்த வரியில், பாதி அடுத்த வரியில். இரண்டு தரம் பார்த்து ஒட்டவேண்டும். நினைவகமும் கிட்டத்தட்ட அப்படித்தான். சில புரோசஸர்கள் இரண்டு தரம் பார்த்து ஒட்டும். சில, அந்த வேலை என்னுடையது இல்லை என்று நின்றுவிடும்.

1964 ஏப்ரலில் ஐ.பி.எம் அறிவித்த சிஸ்டம்/360 இந்த இரண்டாவது வகை. 4 பைட் எண் ஒன்று 4 இன் மடங்கான முகவரியில்தான் இருக்கவேண்டும், 8 பைட் எண் 8 இன் மடங்கில். மீறினால் புரோகிராம் அந்த இடத்திலேயே தடைப்படும். 1970 இல் வந்த டிஜிட்டல் நிறுவனத்தின் பி.டி.பி-11 உம் 2 பைட் சொல் ஒன்றை ஒற்றை எண் முகவரியிலிருந்து எடுக்க விடாது.

அந்த பி.டி.பி-11 இல்தான் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி சி மொழியை வளர்த்தார். ஸ்ட்ரக்சர் 1973 இல் மொழிக்குள் வந்தது. அதே வருடம் யுனிக்ஸின் கருவை சி யிலேயே திருப்பி எழுதினார்கள். ஸ்ட்ரக்சர் இல்லாமல் அது ஏலாத காரியம். இயங்குதளத்துக்கு வேண்டிய அட்டவணைகளை எல்லாம் பெயர் சொல்லி எடுக்கலாம், எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கைக் கொம்பைலர் பார்த்துக்கொள்ளும். 1989 இல் சி க்குத் தரநிலை எழுதியபோதும் இதே பேச்சுத்தான்: உறுப்புகள் எழுதிய வரிசையிலேயே இருக்கும், முதல் உறுப்புக்கு முன்னால் இடைவெளி இராது, மற்றபடி நடுவிலும் கடைசியிலும் எவ்வளவு விடுவது என்பது கொம்பைலரின் பாடு. ஒரே மொழி எல்லா இயந்திரத்திலும் வேகமாக ஓடவேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை. நான் இதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஸ்ட்ரக்சர் என்பது எழுதுகிறவருக்கும் அந்தக் கொம்பைலருக்கும் நடுவில் உள்ள தனிப்பட்ட ஒப்பந்தம்.

வலையமைப்பு என்பதோ முன்பின் தெரியாதவர்களுக்கு இடையிலான ஒப்பந்தம். இரண்டையும் போட்டுக் குழப்பியதுதான் கதை.

இதன் கூடப்பிறந்த பிரச்சினை ஒன்று இருந்தது: பைட்டுகளின் ஒழுங்கு. பெரிய எண்ணின் எந்த முனையை முதலில் வைப்பது? 1980 ஏப்ரல் 1 ஆம் திகதி, முட்டாள்கள் தினமாகப் பார்த்து, டனி கோஹென் அதைப்பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஜொனதன் ஸ்விஃப்டின் கலிவர் கதையில் முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்று சண்டைபிடிக்கும் கூட்டத்திலிருந்து பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற பெயர்களை எடுத்தார். இன்றைக்கும் அவைதான் புழக்கத்தில் இருக்கின்றன. இணையத்தில் பிக் எண்டியன் ஒழுங்கு நிலைத்தது. பேர்க்லியின் யுனிக்ஸில் அதற்கு மாற்றுவதற்கென்றே சிறிய செயற்பாடுகள் வந்தன. சொக்கெட் நிரல் எழுதப் படிக்கிற எவருக்கும் முதல் கிழமையிலேயே அவற்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். பேடிங்குக்கு அப்படி ஒரு பகிடியும் கிடைக்கவில்லை, பெயர்பெற்ற சண்டையும் கிடைக்கவில்லை. அதனால் அது பாடத்தில் கடைசிப் பக்கத்திலேயே கிடந்துவிட்டது என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: ஐ.பி ஹெடர் அளவுக்குமீறி ஒழுங்காக வரையப்பட்டுவிட்டது. 1981 செப்டெம்பரில் ஜொன் பொஸ்டல் தொகுத்து வெளியிட்ட ஆர்.எஃப்.சி 791 ஐ எடுத்துப் பாருங்கோ. ஹெடரை 32 பிட் அகலமான வரிகளாகக் கோடுபோட்டுக் காட்டியிருக்கும். மொத்த நீளம் 16 பிட், வரியின் இரண்டாவது பாதியில். ஆயுள் எண் 8 பிட், நெறிமுறை எண் 8 பிட், பக்கத்தில் செக்சம் 16 பிட். அனுப்புகிறவர் முகவரி ஒரு முழு வரி, பெறுகிறவர் முகவரி ஒரு முழு வரி. ஒவ்வொன்றும் தன்தன் எல்லையில் நிற்கிறது. மொத்தம் 20 பைட். எந்தக் கொம்பைலருக்கும் நடுவில் இடம் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

1983 இல் பேர்க்லியிலிருந்து பி.எஸ்.டி 4.2 வந்தபோது அதில் ஐ.பி ஹெடர் ஒரு சி ஸ்ட்ரக்சராக இருந்தது. வந்து விழுந்த பாக்கெட்டின் மேலே அந்த ஸ்ட்ரக்சரை அச்சுப்போல வைத்து, உறுப்புகளைப் பெயர் சொல்லி எடுத்தார்கள். வேலை செய்தது. அழகாகவும் இருந்தது. பிறகு வந்த ஒரு தலைமுறை அந்த மூலநிரலை வாசித்துத்தான் வலையமைப்பு நிரல் எழுதப் பழகியது. அது வேலை செய்ததற்குக் காரணம் சி மொழி இல்லை, கோடுபோட்டு ஹெடர் வரைந்தவர்களின் கவனம் என்பது கனபேருக்கு விளங்கவில்லை. முதல் பைட்டில் மட்டும் கொஞ்சம் இடறும். பதிப்பு எண்ணும் ஹெடர் நீளமும் ஆளுக்கு 4 பிட். ஒரு பைட்டுக்குள் பிட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து நிரப்புவது என்பதும் கொம்பைலரின் விருப்பம். லினக்ஸின் ஐ.பி ஹெடரில் இந்த இரண்டும் இன்றும் இரண்டு வரிசையில் எழுதப்பட்டிருக்கும். எந்த வரிசை என்பதைக் கொம்பைல் பண்ணும்போது இயந்திரத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

அதே பி.எஸ்.டி 4.2 இல், அதே வருடம், மற்ற வழியில் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. டோக் என்று ஒரு சின்ன புரோகிராம். திரையை இரண்டாகப் பிரித்து, மேலே நீங்கள் தட்டுவது, கீழே மற்ற ஆள் தட்டுவது. எழுத்தெழுத்தாக, அழித்து எழுதுவதுகூடத் தெரியும். இந்தக் கால சட் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஒருவர் கதைக்கக் கூப்பிடுகிறார் என்ற செய்தியை டோக் ஒரு சி ஸ்ட்ரக்சராக, இயந்திரத்தின் நினைவகத்தில் எப்படி இருந்ததோ அப்படியே அனுப்பியது. வாக்ஸிலிருந்து வாக்ஸுக்குப் பிரச்சினையில்லை. ஆனா வாக்ஸ் லிட்டில் எண்டியன். சன் நிறுவனத்தின் கணினிகள் பிக் எண்டியன். ஒரே ஆய்வுகூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேர் டோக்கில் கதைக்க ஏலாது.

1986 இல் பி.எஸ்.டி 4.3 புதிய டோக் நெறிமுறையைக் கொண்டுவந்தது. பழையதோடு ஒத்துவராது என்று கையேட்டிலேயே எழுதினார்கள். பழையதற்கு 517 ஆம் போர்ட், புதியதற்கு 518. எண்கள் வலையமைப்பு ஒழுங்கில் போகும். செய்தியின் தொடக்கத்தில் பதிப்பு, வகை, பதில் என்று மூன்று உறுப்பு, ஒவ்வொன்றும் 1 பைட். நாலாவதாக, பேட் என்று பெயர் வைத்த ஒரு பைட். அதற்கு வேறு வேலை கிடையாது. அடுத்து வரும் 4 பைட் எண்ணுக்கு இடம் சரிப்படுத்துவது மட்டும்தான். கொம்பைலர் கள்ளமாக விடும் இடைவெளியை இவர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பெயரும் வைத்துவிட்டார்கள். அப்படியும் தப்பவில்லை. அந்த எண்ணின் வகையை லோங் என்று எழுதியிருந்தார்கள். 1992 இல் டிஜிட்டலின் அல்ஃபா வந்தது, அதில் லோங் என்றால் 8 பைட். திரும்பவும் திருத்தவேண்டி வந்தது.

சன் வேறு பாதையில் போனது. 1987 ஜூனில் ஆர்.எஃப்.சி 1014 ஆக வெளிவந்த எக்ஸ்.டி.ஆர் முறையில் எல்லாமே 4 பைட்டின் மடங்கு, எல்லாமே பிக் எண்டியன். ஆம், இல்லை என்ற ஒற்றைப் பதிலுக்கும் 4 பைட். ஸ்ட்ரக்சரை அப்படியே அனுப்புவதில்லை. ஒவ்வொரு உறுப்பாக எடுத்து, மாற்றி, அடுக்கி அனுப்பவேண்டும். வீண்செலவு என்று அந்தக் காலத்தில் முணுமுணுத்தார்கள். என்.எஃப்.எஸ் கோப்பு முறை அதன்மேல்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

பீ.சி உலகத்தில் கதை இன்னும் மோசம். இன்டெல் புரோசஸர்கள் எல்லை தப்பிய எண்ணையும் வாசித்துக் கொடுத்துவிடும், கொஞ்சம் மெதுவாக. புரோசஸர் கண்டிக்காததால் ஒவ்வொரு கொம்பைலரும் தனக்குப் பிடித்த வழக்கத்தை வைத்துக்கொண்டது. 4 பைட் எண், அதற்குப் பிறகு 8 பைட் எண். 32 பிட் இன்டெல் லினக்ஸில் ஜி.சி.சி இதை 12 பைட்டாக அடுக்கும். அதே புரோசஸரில், விண்டோஸில், மைக்ரோசொஃப்டின் கொம்பைலர் 16 ஆக்கும். இயந்திரம் ஒன்று, மொழி ஒன்று, அளவு இரண்டு.

இதற்கு மருந்தாக வந்ததுதான் பிராக்மா பேக் என்ற கட்டளை. இடைவெளி விடாதே, நெருக்கி அடுக்கு என்று கொம்பைலருக்குச் சொல்வது. சி தரநிலையில் இது இல்லை, ஆனா மைக்ரோசொஃப்டின் வழக்கத்தை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஜி.சி.சி தன்பங்குக்குப் பேக்ட் என்ற அடையாளத்தையும் வைத்தது. பிராக்மாவில் ஒரு பொல்லாத குணம் உண்டு. ஒரு ஹெடர் கோப்பில் அதைத் தொடக்கிவிட்டு நிறுத்த மறந்தால், அடுத்துச் சேர்க்கும் கோப்புகளின் ஸ்ட்ரக்சர்களும் நெருங்கிவிடும். ஒரே புரோகிராமின் இரண்டு பகுதிகள் ஒரே ஸ்ட்ரக்சரின் அளவில் முரண்பட்டுக்கொண்டு நிற்கும். வலையமைப்பே தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே சண்டை.

நெருக்கினால் தீர்ந்ததா என்றால், ஈதர்நெட்டைப் பார்க்கவேண்டும். பெறுகிறவர் முகவரி 6 பைட், அனுப்புகிறவர் முகவரி 6, வகை 2. மொத்தம் 14. பதினான்கு நாலின் மடங்கில்லை. அவ்வளவு கவனமாக வரைந்த ஐ.பி ஹெடர் இதற்குப் பின்னால் வந்து குந்தும்போது இரண்டு பைட் தள்ளிப்போய்விடுகிறது. இன்டெலில் ஓடும். சன்னின் ஸ்பார்க்கில் அந்த முகவரியை 4 பைட்டாக எடுக்கப்போனால் பஸ் எரர். பழைய ஏ.ஆர்.எம் இல் அதுவும் இல்லை; பைட்டுகளைச் சுழற்றிப் பிழையான எண்ணைச் சத்தமில்லாமல் கையில் தந்துவிடும். இதற்காகவே லினக்ஸ் டிரைவர்கள் பாக்கெட்டை வாங்கும்போது முன்னால் இரண்டு பைட்டைச் சும்மா விட்டு, 16 ஆம் பைட்டில் ஐ.பி தொடங்கும்படி செய்வார்கள். இன்னொன்று: பழைய ஏ.ஆர்.எம் லினக்ஸ் விதிப்படி எந்த ஸ்ட்ரக்சரின் அளவும் 4 இன் மடங்காக உருட்டப்படும். பேக்ட் அடையாளம் போடாவிட்டால் 14 பைட் ஈதர்நெட் ஹெடர் அங்கே 16 ஆகிவிடும்.

பேக்ட் போட்ட ஸ்ட்ரக்சரின் உறுப்பைப் பெயர் சொல்லி எடுத்தால் கொம்பைலர் பார்த்துப் பக்குவமாக எடுக்கும். அதன் முகவரியை எடுத்து வேறு ஒரு செயற்பாட்டுக்குக் கொடுத்தால், அங்கே போனபின் அது எல்லை தப்பியது என்பது யாருக்கும் தெரியாது. 2019 இல் வந்த ஜி.சி.சி 9 தான் இப்படிச் செய்தால் தானாகவே எச்சரிக்கத் தொடங்கியது. பழைய நிரல்களை அதில் கொம்பைல் பண்ணியவர்களுக்குத் திரை நிறைய எச்சரிக்கைதான்.

சரி, இடைவெளிக்குள் என்ன இருக்கும்? வெறுமை என்று மேலே சொன்னேன், ஆனா நினைவகத்தில் வெறுமை என்று ஒன்று இல்லை. முன்பு அந்த இடத்தில் என்ன இருந்ததோ அதன் மிச்சம் இருக்கும். ஸ்ட்ரக்சரின் எல்லா உறுப்புக்கும் மதிப்புக் கொடுத்துவிட்டு அனுப்பினாலும் அந்த மூன்று பைட்டில் வேறு ஏதோ ஒரு தகவலின் துண்டு சேர்ந்து போகும். லினக்ஸ் கருவில் இந்த வகைக் கசிவுகளை வருடக்கணக்காகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈதர்நெட்டிலேயே இதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று 2003 இல் அம்பலமானது. ஈதர்நெட் பொதியில் குறைந்தது 46 பைட் தரவு இருக்கவேண்டும். குறைந்தால் பூச்சியம் போட்டு நிரப்பவேண்டும். பல டிரைவர்கள் பூச்சியம் போடாமல் நினைவகத்தில் கிடந்த பழையதைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தன. சின்னப் பாக்கெட் ஒன்றை அனுப்பிப் பதில் வாங்குகிற எவருக்கும் முன்னைய பாக்கெட்டுகளின் துண்டுகள் இலவசம்.

ஸ்ட்ரக்சரை அச்சாக வைக்காமல், பைட் பைட்டாக எடுத்து எண்ணைக் கட்டுவதுதான் சரியான வழி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். முதல் பைட்டை 24 பிட் தள்ளு, இரண்டாவதை 16, மூன்றாவதை 8, நாலாவதை அப்படியே விடு, நாலையும் சேர். இயந்திரம் எந்த எண்டியன், எந்த எல்லை, எந்தக் கொம்பைலர் என்ற கேள்வியே எழாது. ரொப் பைக் 2012 இல் இதை வலியுறுத்தி எழுதினார். மெதுவாக இருக்குமே என்பதுதான் வழக்கமான மறுப்பு. இப்ப அந்த மறுப்பும் பலமில்லை: ஜி.சி.சி, கிளாங் இரண்டும் இந்த நாலு தள்ளலையும் கண்டுபிடித்து, முடிந்த இடத்தில் ஓரிரு கட்டளையாகச் சுருக்கிவிடும்.

ஆனா ஏற்கெனவே வெளியே போன ஸ்ட்ரக்சரைத் திருப்பிக் கூப்பிட ஏலாது. லினக்ஸில் ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒன்றாகக் கவனிக்கும் ஈபோல் என்ற வசதியில் ஒரு ஸ்ட்ரக்சர் உண்டு: 4 பைட் நிகழ்வு, 8 பைட் தரவு. 32 பிட் இன்டெலில் அது 12 பைட். 64 பிட்டுக்கு மாறியபோது இயல்பாக 16 ஆகியிருக்கவேண்டும். பழைய 32 பிட் புரோகிராம்களும் புதிய கருவில் சிக்கலில்லாமல் ஓடவேண்டும் என்பதற்காக, 64 பிட் இன்டெலுக்கு மட்டும் அதை நெருக்கி 12 ஆகவே வைத்தார்கள். 64 பிட் ஏ.ஆர்.எம் இல் அதே ஸ்ட்ரக்சர் 16 பைட். ரஸ்ட் மொழியின் நூலகத்தில்கூட இந்த ஒரு ஸ்ட்ரக்சருக்கு, இன்டெல் 64 என்றால் நெருக்கு என்று தனியாக ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்கள்.