இடையன்குடிக்கு நடந்து வந்த இளைஞர்

மாணவர்களே, கால்டுவெல் என்றதும் 1856-இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கண நூலே நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அதற்கு முந்திய நாட்களைப் பற்றி.

1838-இல் சென்னையில் வந்திறங்கிய அப்பாதிரியார், 1841-இல் தென்பாண்டி நாட்டிற்குப் புறப்பட்டபோது பல்லக்கேறினாரில்லை, நடந்தே வந்தார். வழிநெடுக மக்களோடு பேசிப் பழகுதலே அவர் கருத்து. ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற எம்முறையும் இதற்கு ஈடன்று.

இடையன்குடியோ செம்மணல் தேரியை அடுத்த சிற்றூர். ஆடவர் விடியுமுன் பனையேறுவர். மகளிர் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பர். அங்கே தெருக்களை நேர்படுத்தினார், கிணறு வெட்டுவித்தார், பள்ளி நடத்தினார். 1844-இல் அவர் மணந்த எலைசா அம்மையார் பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்பித்தார். நாகர்கோவிலில் பணியாற்றிய பாதிரியாரின் மகளாதலின், பேச்சுத் தமிழ் அவருக்கு இயல்பாகவே வந்தது.

எனினும் ஒன்றை மறைத்தல் வரலாறாகாது. 1849-இல் அப்பனையேறும் மக்களைப் பற்றிக் கால்டுவெல் எழுதிய சிறுநூல் அவர்களை இழிவாக மதிப்பிட்டது. எட்டாண்டு உடன் வாழ்ந்தவர் எழுதியது அது! பின்னாளில் அம்மக்களே அதைப் படித்து, மறுத்து நூல்கள் எழுதினர். அவர்களுட் சிலர் எழுத்தறிந்தது மிஷன் பள்ளிகளிலேதான்.