புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிள்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டனர். 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுதப் படிக்கச் சொல்லித் தர வந்தது. அதன் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்வர வேண்டியிருந்தது. எப்போதாவது வரும் பேருந்தை நம்பி மாலை வகுப்பு நடத்த முடியாது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பயிற்சியையும் இயக்கத்தோடு சேர்த்தார்.

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. களையெடுப்பு, கல்குவாரி வேலை, விறகு, தண்ணீர்க் குடம் என்று பொழுது விடிந்தது முதல் பெண்களின் உடம்பு ஓயாது. அவர்களுக்குக் குறைவாக இருந்தது உழைப்பல்ல, நேரமும் போக்குவரத்தும்தான். வெளியூர் போக அண்ணனோ கணவனோ வர வேண்டும். வந்தாலும் பின்னால் கேரியரில்தான் இடம்.

தொடக்கத்தில் கேலி இருந்தது. பெண் சைக்கிள் விடுவதா என்று ஆண்கள் ஏசினர். ஆனால் ஒருத்தி துணிந்தால் அடுத்த தெருவில் நாலு பேர் துணிந்தனர். இஸ்லாமியப் பெண்களும் வந்தனர். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு இயக்கத்தின் பாட்டாகவே ஆனது. பொது நிகழ்ச்சிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஊரறிய சைக்கிள் ஓட்டிக் காட்டினர்.

கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினர். சேலையோடு அதன் கம்பியைத் தாண்டிக் கால் போடுவது லேசான காரியமில்லை. இருந்தும் பலருக்கு அதுதான் பிடித்தது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். கேரியரில் குடத்தைக் கட்டலாம்.

விளைபொருள் விற்கும் பெண்கள் ஒரே நாளில் கூடுதல் ஊர்களுக்குப் போய்வந்தனர். பேருந்துக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது. பிள்ளைகளையும் வீட்டையும் கவனிக்க அது உதவியது. இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், காசு மிச்சமாவதைவிட, போக நினைத்த இடத்துக்கு யாரையும் கேட்காமல் போக முடிவதையே அப்பெண்கள் பெரிதாக எண்ணியதைப் பதிவு செய்திருக்கிறார்.