எட்டுத் துளைப் பலகை

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 கார்களைப் பற்றி வீட்டில் கேட்டிருப்பீர்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது நின்றுபோனது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய என்ஜின்களில் அமுக்கவிகிதம் குறைவு. அதனால்தான் அது முடிந்தது. இன்றைய கார்களில் நினைக்கவும் வேண்டாம்!

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கதை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்தால் கேம் ஷாஃப்ட்டும், அதன்மேல் உரசும் டப்பெட்டுகளும் தேயும். புதியவை வாங்க வழியில்லை. கழற்றியதையே திரும்பப் போடவேண்டும்.

ஆனால் கண்டபடி போடமுடியாது. ஒவ்வொரு டப்பெட்டும் கேம் ஷாஃப்ட்டில் தனக்குரிய மேட்டோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் சீக்கிரம் பழுதாகிவிடும். மொறிஸ் மைனரில் எட்டு டப்பெட்டுகள். கராஜ் வைத்திருந்த என் பெரியப்பா ஒரு பலகையில் எட்டுத் துளை போட்டு, இலக்கமிட்டு, கழற்றும்போதே வரிசையாகச் செருகிவைப்பாராம். அடிப்பக்கம் குழிந்ததை மட்டும் ஒதுக்கிவிடுவார். அதற்குப் பதிலாக இன்னொன்று கிடைக்கும்வரை கார் நிற்கும்.

கார் நின்றால் அந்த ஊரில் நோயாளியைச் சைக்கிளில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகவேண்டும். பெரியப்பா இரவிலும் குப்பிவிளக்கில் வேலை செய்தது அதனால்தான். விளக்குக்கும் அதே மண்ணெண்ணெய்தான்.