வார்டும் வகுப்பறையும்: தமிழகச் செவிலியக் கல்வியின் பிந்திய வருகை

செவிலியரின் தொழில் மனப்பான்மையையும் அறிவுக் குறைவையும் வினாப்பட்டியல் கொண்டு அளக்கும் ஆய்வேடுகள் இன்று மிகுதி. பணிக்காலத்தில் கற்பதற்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்னும் வினா அவற்றில் அரிது. அக்குறைவுக்கு நிறுவன வரலாறு ஒன்று உண்டு.

சென்னை மருத்துவப் பள்ளி 1850இல் கல்லூரியாயிற்று. சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியதோ 1871இல். மருத்துவமனைக்குள்ளேயே பயிற்சி அமைந்தமையால் மாணவியர் கற்போராகவும் வார்டுப் பணியாளராகவும் ஒருங்கே இருந்தனர். நோயாளர் பெருகும்போது பாடமே ஒதுங்கிற்று. இவ்விரட்டை நிலையே, என் கருத்தில், சிக்கலின் வேர். 1926ஆம் ஆண்டுச் சென்னைச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டம் பதிவை ஒழுங்குபடுத்தியது. பல்கலைக்கழகக் கல்வி அப்போதும் எட்டவில்லை.

சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே உள்ளதை 1946இல் சுட்டியது. அவ்வாண்டுதான் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செவிலியப் பட்டப்படிப்பு தோன்றிற்று. அங்கு ஐடா ஸ்கடர் தொடங்கிய செவிலியர் பள்ளி 1909 முதலே இயங்கிவந்தது. மருத்துவர் கல்லூரி பெற்றதற்கும் செவிலியர் பட்டம் பெற்றதற்கும் இடையே 96 ஆண்டுகள்.

இன்று கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் செவிலியப் பட்டங்களை வழங்குகிறது. எனினும் மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் ஒரே வார்டில் ஒரே பணியைச் செய்கின்றனர்.