எண்ணும் பொறுப்பும்: உலகப் பல்லுயிர் இலக்குகளின் வரலாறு (1992–2025)

முன்னுரை

ஏறத்தாழ பத்து லட்சம் விலங்கு, தாவர இனங்கள் அழிவின் அபாயத்தில் இருப்பதாக 2019 மே மாதம் பாரிஸில் வெளியான உலக மதிப்பீட்டறிக்கை அறிவித்தது. நிலப்பரப்பில் 75 விழுக்காடு மனிதச் செயல்களால் பெரிதும் மாறிவிட்டதையும், ஈரநிலங்களில் 85 விழுக்காட்டுக்கு மேல் மறைந்துவிட்டதையும் அது பதிவு செய்தது. பல்லுயிர் குறித்து அரசுகளுக்கு அறிவியல் ஆலோசனை தர 2012இல் உருவான பன்னாட்டு மன்றம் இதைத் தயாரித்தது. பல்லுயிர் இழப்பைத் தடுப்போம் என்று உலக நாடுகள் இலக்கு வகுக்கத் தொடங்கி அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இலக்குகள் இருந்தும் இழப்பு ஏன் தொடர்ந்தது? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. ஒவ்வொரு கட்டத்திலும் எது அளக்கப்பட்டது, யார் பொறுப்பேற்றார்கள் என்ற இரண்டையும் பின்தொடர்ந்தால் ஒரு போக்கு தெரிகிறது. எளிதில் அளக்க முடிந்த, பொறுப்பாளரும் தெளிவாக இருந்த இலக்குகள் ஓரளவு நகர்ந்தன. இழப்பின் காரணங்களைத் தொட்ட இலக்குகள் பொறுப்பேற்க ஆளின்றித் தேங்கின.

1. இலக்குகளுக்கு முந்தைய அடித்தளம்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1948இல் பிரான்ஸின் ஃபோன்டென்புளோவில் தொடங்கப்பட்டது. அதன் சிவப்புப் பட்டியல் 1964இல் உருவானது. எந்த உயிரினம் எந்த அளவுக்கு அபாயத்தில் உள்ளது என்பதை உலக அளவில் ஒப்பிட அது வழிவகுத்தது. காப்பதற்கான பரப்பளவு குறித்த பேச்சு இதனோடு இணையாக வளர்ந்தது. 1987இல் வெளியான, சூழலும் வளர்ச்சியும் குறித்த பிரண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை, பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பரப்பை மும்மடங்காக்க வேண்டும் என்றது. 1992 பிப்ரவரியில் கராகஸில் கூடிய தேசியப் பூங்காக்களுக்கான உலக மாநாடு, ஒவ்வொரு பெரும் வாழிட வகையிலும் குறைந்தது 10 விழுக்காட்டை 2000க்குள் காக்க வேண்டும் என்றது. பாதுகாப்பைப் பரப்பளவால் அளக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

அதே ஆண்டு ஜூன் மாதம் ரியோ டி ஜெனிரோவில் பல்லுயிர் உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1993 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. பல்லுயிரைக் காத்தல், நீடித்து நிலைக்கும் வகையில் பயன்படுத்தல், மரபு வளங்களின் பயனை நேர்மையாகப் பகிர்தல் ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். இதில் கவனிக்க வேண்டியது, உடன்படிக்கையின் முக்கியக் கடமைகள் பலவும் இயன்ற அளவுக்கு, பொருத்தமான அளவுக்கு என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டுள்ளன என்பதே. தத்தம் வளங்களின் மீது நாடுகளுக்கு உள்ள இறையாண்மையை மதித்துச் செய்த ஏற்பாடு அது. ஆனால் கடமையைச் செய்யாத நாட்டைத் தட்டிக் கேட்கும் வழி அதில் வலுவாக இல்லை. பின்வந்த இலக்குகள் எல்லாம் இந்தக் குறையைச் சுமந்தன.

2. 2010 இலக்கு: அளவில்லாத ஒப்புதல்

2002 ஏப்ரலில் ஹேக் நகரில் கூடிய, பல்லுயிர் உடன்படிக்கை நாடுகளின் ஆறாவது மாநாட்டில், பல்லுயிர் இழப்பின் வேகத்தை 2010க்குள் கணிசமாகக் குறைப்பதாக நாடுகள் ஒப்புக்கொண்டன. நீடித்த வளர்ச்சிக்காக அவ்வாண்டே ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய உலக உச்சி மாநாடும் இதை ஏற்றது. உலக நாடுகள் காலக்கெடுவோடு ஒப்புக்கொண்ட முதல் பல்லுயிர் இலக்கு என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த வேகம் எவ்வளவு, எவ்வளவு குறைந்தால் அது கணிசம் ஆகும் என்ற இரண்டும் வரையறுக்கப்படவில்லை. 2004இல் கோலாலம்பூர் மாநாடு 21 துணை இலக்குகளைச் சேர்த்து இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது.

கெடு முடிந்தபோது கிடைத்த விடை தெளிவாக இருந்தது. ஸ்டூவர்ட் புட்சார்ட்டும் சக ஆய்வாளர்களும் 31 அளவீடுகளை ஆராய்ந்து 2010இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை, இழப்பின் வேகம் குறையவில்லை என்றும், இயற்கையின் மீதான அழுத்தங்கள் கூடியிருக்கின்றன என்றும் காட்டியது. 21 துணை இலக்குகளில் ஒன்றுகூட உலக அளவில் உறுதியாக நிறைவேறவில்லை என்று அவ்வாண்டு வெளியான உலகப் பல்லுயிர் நோக்கு அறிக்கையும் ஒப்புக்கொண்டது.

3. ஐச்சி: காரணங்கள் உள்ளே வந்த கட்டம்

2010 அக்டோபரில் ஜப்பானின் ஐச்சி மாகாணத்து நகோயா நகரில் 2020ஐ நோக்கிய 20 இலக்குகள் ஏற்கப்பட்டன. இழப்பின் காரணங்கள் இலக்குகளாக எழுதப்பட்டது இத்தொகுப்பின் சிறப்பு. இயற்கைக்குக் கேடான மானியங்களை நீக்குதல், உற்பத்தியையும் நுகர்வையும் இயற்கை தாங்கும் அளவுக்குள் கொண்டுவருதல், மாசு குறைத்தல் ஆகியவை இதில் இடம்பெற்றன. நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் 17 விழுக்காடு, கடலில் 10 விழுக்காடு காக்கப்பட வேண்டும் என்பது 11ஆவது இலக்கு.

2020இல் 20 இலக்குகளில் ஒன்றும் முழுமையாக நிறைவேறவில்லை. ஆறு பகுதியளவில் நிறைவேறின. அந்த ஆறில் ஒன்று 11ஆவது இலக்கு. பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு ஏறத்தாழ 17 விழுக்காட்டை எட்டியது, கடற்பரப்பு 8 விழுக்காட்டை நெருங்கியது. மானியம் பற்றிய இலக்கோ தேங்கிவிட்டது. சூழலுக்குக் கேடான மானியங்கள் ஆண்டுக்குச் சுமார் 50,000 கோடி டாலர் அளவில் தொடர்ந்தன. நாடுகள் தத்தமக்கென எழுதிக்கொண்ட இலக்குகளில் 23 விழுக்காடு மட்டுமே ஐச்சி இலக்குகளோடு நன்கு பொருந்தின. உலக இலக்கு ஒரு திசையில் இருக்க, நாட்டுத் திட்டங்கள் வேறு திசையில் நின்றன.

4. பரப்பளவின் வெற்றியும் வரம்பும்

பரப்பளவு இலக்கு முன்னேறியதற்குக் காரணம் உண்டு. ஓர் அமைச்சகத்தின் அறிவிப்பாணையால் ஒரு காட்டைச் சரணாலயமாக்கலாம். உடனே கணக்கில் சேர்க்கலாம். மானியத்தைக் குறைப்பதானால் வேளாண்மை, மீன்வளம், எரிசக்தி, நிதி எனப் பல துறைகள் அசைய வேண்டும். அந்தத் துறைகள் உடன்படிக்கை மாநாட்டு மேசையில் அமர்வதே அரிது.

ஆனால் பரப்பு மட்டும் போதாது. 147 நாடுகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஆராய்ந்த லூகாஸ் ஜோப்பாவும் அலெக்சாண்டர் பாஃபும், அவை பெரும்பாலும் உயரமான, செங்குத்தான, சாலைகளுக்கும் நகரங்களுக்கும் தொலைவான இடங்களில் அமைந்திருப்பதை 2009இல் நிறுவினர். உழவுக்கும் தொழிலுக்கும் ஆகாத நிலத்தை ஒதுக்குவது எளிது. உயிரினங்கள் அதிக நெருக்கடியில் உள்ள தாழ்நிலங்களோ விடுபட்டுப் போகின்றன.

இதனால் பாதுகாப்பு முயற்சிகள் வீண் என்ற முடிவுக்கு வருவது தவறு. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1993 முதல், பாதுகாப்பு நடவடிக்கைகளால் 21 முதல் 32 பறவையினங்களும் 7 முதல் 16 பாலூட்டியினங்களும் அற்றுப்போகாமல் தப்பியதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கலிஃபோர்னியா காண்டார் என்னும் பெருங்கழுகு இதற்குச் சான்று. 1987இல் உலகில் 27 மட்டுமே எஞ்சிய அப்பறவை முழுவதுமாகக் கூண்டில் வளர்க்கப்பட்டு மீண்டும் காட்டில் விடப்பட்டது. குறிப்பிட்ட இனம், குறிப்பிட்ட இடம், பொறுப்பேற்ற நிறுவனம், நிலையான நிதி ஆகியவை ஒன்றுசேர்ந்த இடங்களில் பலன் கிடைத்துள்ளது.

5. குன்மிங்–மான்ட்ரியல் முதல் ரோம் வரை

பெருந்தொற்றால் தள்ளிப்போன பதினைந்தாவது மாநாடு, சீனாவின் குன்மிங் நகரில் தொடங்கி, அந்நாட்டின் தலைமையில் மான்ட்ரியலில் முடிந்தது. அங்கு 2022 டிசம்பர் 19 அன்று 2050க்கான 4 பெருநோக்கங்களும் 2030க்கான 23 இலக்குகளும் ஏற்கப்பட்டன. 2030க்குள் நிலம், கடல் இரண்டிலும் 30 விழுக்காட்டைக் காக்க வேண்டும். சீரழிந்த பகுதிகளில் 30 விழுக்காட்டில் மீட்புப் பணி நடக்க வேண்டும். கேடான மானியங்களை ஆண்டுக்கு 50,000 கோடி டாலர் குறைக்க வேண்டும். வளரும் நாடுகளுக்குச் செல்லும் பன்னாட்டு நிதி 2025க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டாலராகவும், 2030க்குள் 3,000 கோடியாகவும் உயர வேண்டும்.

முந்தைய இரு தொகுப்புகளோடு ஒப்பிட்டால் இரு மாற்றங்கள் தெரிகின்றன. மானியத்துக்கும் நிதிக்கும் எண்கள் வந்துள்ளன. பழங்குடியினரின் நில உரிமையை மதிப்பது பரப்பளவு இலக்கின் உள்ளேயே எழுதப்பட்டுள்ளது. உலக நிலப்பரப்பில் குறைந்தது கால் பங்கு அவர்களது பராமரிப்பிலோ பயன்பாட்டிலோ உள்ளதாகவும், அங்கே இயற்கையின் சரிவு பொதுவாக மெதுவாக இருப்பதாகவும் 2019 அறிக்கை காட்டியிருந்தது. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் அவர்களுக்கென நிலையான துணை அமைப்பு உருவானது. நிதி குறித்து அங்கே உடன்பாடு எட்டப்படவில்லை. கண்காணிப்பு முறையும் நிதித் திரட்டல் உத்தியும் 2025 பிப்ரவரியில் ரோமில்தான் ஏற்கப்பட்டன.

6. இந்திய அனுபவம்

இந்தியா 2002இல் பல்லுயிர்ச் சட்டம் இயற்றி, தேசியப் பல்லுயிர் ஆணையத்தைச் சென்னையில் நிறுவியது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு, அது தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஆகியவை அச்சட்டத்தின் அடித்தளம். 2016 வரை பத்தாயிரத்துக்கும் குறைவான குழுக்களே இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31ஐக் கெடுவாக வைத்து, தவறும் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டபின் குழுக்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டின. பொறுப்பும் விளைவும் வரையறுக்கப்பட்டால் தேங்கிய இலக்கும் நகரும் என்பதற்கு இது சான்று. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல பதிவேடுகள் ஊர் மக்களின் பங்கேற்பின்றி அவசரமாக எழுதப்பட்டதாக ஆய்வாளர்கள் விமர்சித்தனர். எண்ணிக்கையை மட்டும் கேட்டதால் எண்ணிக்கையே கிடைத்தது.

முடிவுரை

அளவில்லாத ஒப்புதலிலிருந்து, மானியத்துக்கும் நிதிக்கும்கூட எண்ணுடன் கூடிய இலக்குக்கு உலகம் வந்து சேர இருபது ஆண்டுகள் ஆயின. அடுத்த படி பொறுப்பு. 2026இல் அர்மீனியாவின் யெரெவானில் திட்டமிடப்பட்டுள்ள பதினேழாவது மாநாடு, நாடுகளின் முன்னேற்றத்தை ஒட்டுமொத்தமாக மீளாய்வு செய்ய வேண்டும். அந்த மீளாய்வு விழுக்காட்டுக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. காக்கப்பட்ட இடங்கள் உயிரினங்களுக்குத் தேவையான இடங்கள்தாமா, அங்கு வாழும் மக்களின் ஒப்புதல் பெறப்பட்டதா என்று அது கேட்க வேண்டும். மானியக் குறைப்புக்கு ஒவ்வொரு நாட்டிலும் எந்த அமைச்சகம் பதில் சொல்லும் என்பதும் எழுத்தில் பதிவாக வேண்டும். நிதியமைச்சகங்களும் வேளாண் அமைச்சகங்களும் அந்தப் பொறுப்பில் பெயரோடு சேர்க்கப்படாவிட்டால், 2010, 2020 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்ட அதே தோல்வி அறிக்கையை 2030லும் எழுத வேண்டியிருக்கும். அதற்குள் அற்றுப்போகும் உயிரினங்களை எந்தப் புதிய இலக்கும் மீட்டுத் தராது.