இரவல் நரம்பின் வரலாறு

ஆடை நழுவும்போது எண்ணத்தை முந்திக்கொண்டு சென்று அதனைப் பற்றுவது கை. அந்த விரைவையே உயர்ந்த நட்பிற்கு உவமையாக்கினார் திருவள்ளுவர். அவ்வாறு விரையும் கையை ஏவுவது எது? எலும்பும் தசையும் கருவிகளே. மூளையின் ஏவலைச் சுமந்து செல்வது நரம்பு. அந்நரம்பு அறுந்துவிடின், எலும்பு முறியாமலும் தசை கிழியாமலும் இருந்தபோதிலும், கை வெறும் பாரமாய்த் தோளில் தொங்கும்.

இத்துன்பம் பெரும்பாலும் மோட்டார்சைக்கிள் விபத்துகளால் நேர்வது. ஜொகூர் மாநில உழைப்பாளி மக்களுக்கோ அவ்வூர்தி இன்றியமையாதது. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கடற்பாலத்தின் வழியே, பொழுது புலருமுன் ஆயிரக்கணக்கான தொழிலாளர் மோட்டார்சைக்கிள்களில் சிங்கப்பூருக்குச் செல்கின்றனர். கூலாய், குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டப்புறங்களில் வேலைக்காட்டுக்கும் கடைத்தெருவுக்கும் செல்ல அதுவே துணை. பால்மரம் சீவுவோர்க்கும் செம்பனைக் குலை அறுப்போர்க்கும் இரு கைகளும் வேண்டும். ஒரு கை வீழ்ந்தால் ஒரு குடும்பமே தளர்ந்துவிடும். ஆதலின், வீழ்ந்த கையை எழுப்ப மருத்துவ அறிஞர் மேற்கொண்ட நெடிய முயற்சியின் வரலாறு ஜொகூர்த் தமிழர்க்கும் உரிய வரலாறாகும்.

பின்னலின் அமைப்பு

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கீழ்நோக்கி வரும் நான்கு நரம்பு வேர்களும், மார்புப் பகுதியின் முதல் வேரும் ஒன்றுகூடி, காறை எலும்பின் பின்புறத்தில் பிரிந்தும் இணைந்தும் ஒரு பின்னலாகின்றன. இதனைப் புயநரம்புப் பின்னல் என்பர். தோளை உயர்த்துவது, முழங்கையை மடக்குவது, விரலை மூடித் திறப்பது ஆகிய அனைத்திற்கும் ஏவல் இப்பின்னலின் வழியாகவே செல்லும். மேல்வேர்கள் தோளையும் முழங்கையையும் ஆள்கின்றன. கீழ்வேர்கள் விரல்களை ஆள்கின்றன.

விரைந்து செல்லும் ஊர்தியிலிருந்து தூக்கியெறியப்பட்ட ஒருவரின் தோள் தரையில் மோதுகையில், தலை ஒருபுறமும் தோள் மறுபுறமும் இழுபடுகின்றன. இடையிலுள்ள பின்னல் நீள்கிறது, சிலருக்கு அறுகிறது, சிலருக்கு வேரோடு தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்படுகிறது. மலேசியாவில் 1973ஆம் ஆண்டு முதல் தலைக்கவசம் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அது மண்டையைக் காக்கும். கழுத்திற்கும் தோளிற்கும் இடைப்பட்ட பின்னலைக் காக்க அதனால் இயலாது.

நம்பிக்கையும் தளர்ச்சியும்

இக்காயம் புதியதன்று. ஹோமர் பாடிய இலியத் காவியத்தில், வில் வளைத்து நிற்கும் தியூக்கர் என்னும் வீரனை எக்டர் கல்லெறிந்து காறை எலும்பருகே தாக்குகிறான். கை மரத்து வில் நழுவுகிறது. அக்காட்சியை இக்காயத்தின் மிகப் பழைய பதிவென மருத்துவ வரலாற்றாசிரியர் சுட்டுவர். 1872இல் பிரான்சு நாட்டு டுஷேனும், 1874இல் செருமானியரான எர்பும், பின்னலின் மேற்பகுதி கெடுவதால் தோன்றும் கைவாதத்தை விளக்கினர். 1885இல் குளும்ப்கே என்னும் பெண்மணி கீழ்ப்பகுதியின் வாதத்தை விளக்கினார்.

நோயை அறிந்தது ஒரு படி, தீர்ப்பது மறுபடி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த வில்லியம் தோர்பர்ன், அறுந்த பின்னலைத் தைத்து இணைத்த செய்தியை 1900இல் வெளியிட்டார். 1903இல் கிளாஸ்கோ நகரத்துக் கென்னடி, பிறப்பின்போது கைவாதமுற்ற குழந்தைகளுக்கு இத்தகைய அறுவையைச் செய்து அறிவித்தார். தொடக்கத்தில் எழுந்த ஊக்கம் நீடிக்கவில்லை. ஊனக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகளைப் பருத்த ஊசியால் தைத்தபோது, இழைகள் தம் இணையைக் காணாது திசைமாறின.

இரண்டாம் உலகப் போர், நரம்பறுந்த வீரர்களை ஆயிரக்கணக்கில் மருத்துவர்முன் நிறுத்தியது. 1943இல் எர்பர்ட் செடன் நரம்புக் காயங்களை மூவகையாகப் பகுத்து, தானே ஆறுவது எது, அறுவையின்றி ஆறாதது எது என அறியும் வழியை வகுத்தார். எனினும் புயநரம்புப் பின்னல் அளவில் தோல்வியே மிகுந்தது. 1966இல் பாரிசில் கூடிய பன்னாட்டு எலும்பு அறுவை மருத்துவர் பேரவை, இப்பின்னலைச் சீராக்குவது ஏறத்தாழ இயலாத செயல். இயன்றாலும் பயன் உறுதியன்று என்னும் முடிவுக்கு வந்தது. அக்காலத்தில் செயலற்ற கையை வெட்டி நீக்கிச் செயற்கைக் கை பொருத்துவது முறையான மருத்துவமாகவே கருதப்பட்டது.

இரவல் வாங்கும் கலை

பேரவை கதவை அடைத்த அதே காலத்தில் வேறொரு வாயில் திறந்துகொண்டிருந்தது. அறுவைக் கூடத்தினுள் நுண்பெருக்கி நுழைந்தது. மயிரினும் மெல்லிய நூலால் தைக்கும் கலை வளர்ந்தது. 1963இல் சாங்காய் நகரத்துச் சென் சோங்வெய், துண்டிக்கப்பட்ட கையொன்றை மீண்டும் உடலோடு ஒட்டவைத்தார். வியன்னாவின் அன்னோ மில்லேசி, அறுந்த முனைகளை வலிந்து இழுத்துத் தைத்தலே தோல்விக்குக் காரணமெனக் கண்டு, இடைவெளியை நிரப்பக் கெண்டைக்காலிலிருந்து உணர்ச்சி நரம்பொன்றை எடுத்துப் பாலமாக வைத்தார். லோசான் நகரத்து நரகாஸ் இக்காயங்களுக்கெனவே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

பாலம் கட்டுவதற்கு இரு கரைகள் வேண்டும். நரம்பு வேரோடு பிடுங்கப்பட்டிருப்பின் ஒரு கரையே இல்லையன்றோ? அப்போது எழுந்ததே இரவல் என்னும் எண்ணம். உடலில் வேறொரு பணி செய்யும் நரம்பை எடுத்து, செயலிழந்த நரம்போடு இணைப்பது அதன் சாரம். விலா எலும்புகளுக்கிடையே மூச்சுக்குத் துணைபுரியும் நரம்புகள் முழங்கையை மடக்கும் தசைக்குத் திருப்பப்பட்டன. 1960களில் செடன் முதலானோர் தொடங்கிய இம்முறையை ஜப்பானியர் செம்மையாக வளர்த்தனர்.

இங்கே மனித மூளையின் வியத்தகு ஆற்றல் வெளிப்படுகிறது. விலா நரம்பை இரவல் பெற்றவர், தொடக்கத்தில் மூச்சை ஆழ இழுத்தால்தான் முழங்கையை மடக்க இயலும். மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின், மூச்சை நினையாமலேயே கை மடங்கும். மூச்சின் நரம்பு கையின் நரம்பாகிவிட்டதை மூளை ஏற்றுக்கொள்கிறது. அறுவை மருத்துவர் நரம்பை இணைக்கிறார். கையை மீட்பது நோயாளியின் விடாமுயற்சியே.

1994இல் பாரிசைச் சேர்ந்த ஓபர்லின் இக்கலையை மேலும் எளிதாக்கினார். சுண்டுவிரற் பக்கமாகச் செல்லும் நலமான நரம்பில் ஒரு சிறு கற்றையை மட்டும் பிரித்து, அருகிலுள்ள இருதலைத் தசையின் நரம்போடு அவர் இணைத்தார். கொடுத்த நரம்பின் பணி குன்றவில்லை. பெற்ற தசை சில மாதங்களில் உயிர்த்தது. மேல்வேர்கள் மட்டும் கெட்டோர்க்கு இது பெருந்துணையாயிற்று.

கீழ்த்திசையின் பங்கு

இவ்வரலாற்றில் ஒன்று சிந்திக்கத்தக்கது. தொடக்க நூல்கள் ஐரோப்பாவில் எழுந்தன. பின்னர் வந்த துணிவான கண்டுபிடிப்புகளிற் பல ஆசியாவில் தோன்றின. சாங்காயின் கு யூதோங் 1970இல் உதரவிதான நரம்பை இரவலாகப் பயன்படுத்தினார். 1986இல், எதிர்ப்பக்கத்து நலமான கைக்குச் செல்லும் ஏழாவது வேரையே மார்பின் குறுக்கே கொண்டுவந்து, வாதமுற்ற கைக்கு வழங்கினார். ஒரு கை மறுகைக்குத் தன் நரம்பை ஈந்தது என்றே இதனைக் கூறலாம். ஜப்பானின் தோய், தொடைத் தசைகளை அவற்றின் குருதிக் குழாய்களோடும் நரம்போடும் கைக்குப் பெயர்த்து, பிடிக்கும் ஆற்றலை மீட்க முயன்று வென்றார். பாங்காக்கின் சோம்சாக், கையை நீட்டும் தசையின் நரம்புக் கிளையைத் தோள் தசைக்கு இணைக்கும் முறையை 2003இல் வெளியிட்டார். கோயம்புத்தூரில் 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை, மருத்துவர் இராஜ சபாபதி வளர்த்த கை அறுவைத் துறையால் இக்காயங்களுக்குரிய சிறந்த நிலையங்களுள் ஒன்றாயிற்று. மோட்டார்சைக்கிள் எங்கே ஏழையின் ஊர்தியோ, அங்கே காயமும் மிகுந்தது; காயம் மிகுந்த இடத்தில் கலையும் வளர்ந்தது.

மலேசியாவும் பின்தங்கவில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் செலாயாங் மருத்துவமனையில், மருத்துவர் வி. பத்மநாதன் தலைமையிலான குழுவினர், பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தைக்கு, உயிர்பிழைக்க வழியற்ற அதன் இரட்டைச் சகோதரியின் கையைப் பொருத்தினர். அது புயநரம்புப் பின்னலின் அறுவையன்று; ஆயினும் நரம்பையும் குருதிக் குழாயையும் நுண்பெருக்கியின்கீழ் இணைக்கும் அதே கலையின் அரிய வெற்றியாகும்.

காலங்கடந்து வந்தோர்க்கும் ஒரு வழி உண்டு. செயலுள்ள தசையின் நாணைச் செயலற்ற தசையின் பணிக்கு மாற்றுவது அது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அம்முறையால் நிமிர்த்து உலகப் புகழ் பெற்றார். ஆனால் பின்னல் முழுவதும் கெட்ட கையில் மாற்றுவதற்கு உயிருள்ள தசையே எஞ்சியிராது. எனவே முன்னதாக வருவதே அறிவுடைமை.

காலத்தின் கணக்கு

இவ்வரலாறு முழுவதும் உணர்த்தும் பாடம் ஒன்றே: காலம். இணைக்கப்பட்ட நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். கழுத்திலிருந்து விரல்வரை வளர இரண்டு ஆண்டுகளும் கடந்துவிடும். ஏவல் பெறாத தசையோ ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டில் மீளாதவாறு நலிந்துவிடும். நரம்பின் நடைக்கும் தசையின் நலிவுக்கும் இடையே நடைபெறும் ஓட்டப் பந்தயம் இது. தசைக்கு அருகிலேயே இரவல் நரம்பை இணைப்பதன் நோக்கமும் அப்பந்தயத்தின் தொலைவைக் குறைப்பதே. ஆகவே மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் அறுவை நடைபெறுவது நன்று. ஓராண்டு கடந்தபின் நரம்பு அறுவையால் பயன் காண்பது அரிது.

அந்த ஆறு மாதங்களே வீணாகிவிடுவதுண்டு. வெளியே காயம் ஆறிவிடுகிறது, எலும்பு கூடிவிடுகிறது, கையும் ஒருநாள் தானே எழும் என வீட்டார் காத்திருக்கின்றனர். எண்ணெயிட்டு உருவுவோரிடமும் கட்டுப் போடுவோரிடமும் மாதங்கள் கழிகின்றன. சில கைகள் தாமே தேறுவது உண்மையே. எக்கை தேறும், எது தேறாது என்பதை வெறுங்கண்ணால் அறிய இயலாது. தசை மின்பதிவும் காந்த அதிர்வுப் படமும் கொண்டு பயின்ற மருத்துவரே அறிய இயலும். ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனையில் முதலுதவி பெற்று உயிர் பிழைத்தவர், கை அசையவில்லையெனில், கை நுண்ணறுவை வல்லுநரிடம் அனுப்பும்படி முதல் மாதத்திலேயே கேட்டல் வேண்டும்.

அறுவையால் பழைய கை முழுமையாக மீளாது. உணவை வாய்க்குக் கொண்டுசெல்ல முழங்கை மடங்குவதே மருத்துவர் முதலில் நாடும் பயன். அதனையடுத்துத் தோளின் உறுதி. விரல்களின் நுண்பணி இறுதியில் வருவது. பலர்க்கு அது வராமலும் போகும். ஆயினும், வெட்டி எறியப்பட வேண்டியதெனத் தீர்ப்பளிக்கப்பட்ட கை, சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுசெல்லுமாயின் அது சிறிய வெற்றியன்று.

16 வயதில் மோட்டார்சைக்கிள் உரிமம் பெறக் காத்திருக்கும் மாணவர்க்கு, சாலை விதிகளோடு இக்காலக் கணக்கையும் கற்பித்தல் ஆசிரியர் கடமையாகும். இடுக்கண் நேர்ந்தபோது விரைந்து உதவுவதே நட்பு என்பதற்குக் கையை உவமை காட்டினார் வள்ளுவர். கைக்கே இடுக்கண் நேரும்போது, அக்கைக்கு விரைந்து உதவுவது சுற்றியுள்ளோர் கடன். அண்டை நரம்பு தன் இழையை ஈய ஆயத்தமாக இருக்கிறது. அது ஈவதற்குரிய காலத்தைக் காத்துத் தரவேண்டியவர் மனிதரே.